நடுங்கியது கை இல்லை, ஸ்டியரிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கல் லீவில் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனோம். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி வண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. பின்சீட்டில் இருந்த அம்மா, "ஏன்டா கை இப்படி நடுங்குது, சுகர் மாத்திரை போட்டியா இல்லையா?" என்றார். மாத்திரை போட்டிருந்தேன். எஸ்யூவிக்குத்தான் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

ஊர் திரும்பியதும் வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். 80-க்கு மேல் உதறுகிறது, 60-ல் இல்லை, பிரேக் போட்டாலும் கூடவில்லை என்று தெளிவாகச் சொன்னேன். ஜாப் கார்டில் ஏறியதோ "ஸ்டியரிங் செக்" என்ற இரண்டே வார்த்தை. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தில் எடை ஒட்டிச் சமன் செய்வது) இரண்டும் செய்து பில் போட்டார்கள். உதறல் போகவில்லை. இரண்டாவது முறையும் அதே வேலை, அதே பில். மூன்றாவது முறை "டெஸ்ட் டிரைவ் பார்த்தாச்சு சார், ஒண்ணும் இல்ல, நம்ம ரோடு அப்படி" என்றார்கள். எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டேன். வேலூரில் எப்போதும் நெரிசலான கிரீன் சர்க்கிள் வரைக்குமாம்! சாயங்காலம் கிரீன் சர்க்கிளில் 80 வேகத்தில் போனவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

கடைசியில் காட்பாடியில் ஒரு சின்ன டயர் கடையில்தான் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் முதலில் கேட்டதே எந்த வேகத்தில் வருகிறது, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா என்றுதான். கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்பக்கம், பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க், வண்டி ஒரு பக்கம் இழுத்தால்தான் அலைன்மென்ட்டையோ காற்றையோ பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் முன் இடது சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டு, ரிம் (டயர் உட்காரும் உலோக வளையம்) ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை நீட்டிப் பிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி கூடிக் குறைந்தது என் கண்ணுக்கே தெரிந்தது. ரிம் வளைந்திருக்கிறது. எடை ஒட்டி பேலன்ஸ் செய்தாலும் வட்டம் வட்டமாக இல்லையே, 90 வேகத்தில் நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு முறை சுற்றும் சக்கரம் அத்தனை முறையும் ஒரு தட்டு தட்டத்தானே செய்யும். அந்த ரிம்மை மாற்றினேன், உதறல் நின்றது.

வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ரிம்மை வளைத்தது நான்தான், அது வாரண்டியில் வராது என்பதும் எனக்குத் தெரியும். முதல் நாளே "ரிம் போச்சு சார்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். இழுக்காத வண்டிக்கு இரண்டு முறை அலைன்மென்ட் செய்து காசு வாங்கியதுதான் எரிச்சல். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். போடலாம்தான், ஆனால் எனக்கு வேண்டியது நஷ்ட ஈடு இல்லை.

சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். நாங்கள் சொல்லும் குறையை, எந்த வேகத்தில், எப்போது வருகிறது என்பதோடு, சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வண்டிக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து பெங்களூரு ஹைவேயில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் பில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.