யோடா வாளெடுத்தது வளர்ச்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அறிவியல் புனைவுப் படங்கள் பற்றிய கட்டுரையில், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் முதிய குரு யோடாவைப் பற்றி ‘2002-இல் வாளைக் கையில் எடுத்த பிறகுதான் யோடா முழுமையான குருவானார்’ என்று ஒரு வரி. கட்டுரையாளர் இளைஞர் போலத் தெரிகிறது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையை முதல் படத்திலிருந்து அறிந்தவர் நீங்கள். உங்கள் கண்ணைத் தாண்டி இந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1980-இல் வந்த ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தில் யோடா அறிமுகமாகும் இடத்தை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாவீரர் ஒருவரைத் தேடி டாகோபா என்ற கோளின் சதுப்பு நிலத்தில் வந்து இறங்குகிறான் இளம் நாயகன் லூக். எதிரே வந்து நிற்பதோ இடுப்பளவுகூட இல்லாத ஒரு கிழம். அவன் சாப்பாட்டுப் பெட்டியைக் கிளறுகிறது. ஒரு சின்ன விளக்குக்காக அவனுடைய ரோபோ ஆர்2-டி2வோடு மல்லுக்கட்டி, கைத்தடியால் நாலு சாத்து சாத்துகிறது. மாவீரரைப் பார்க்க வந்தேன் என்று பையன் சொன்னதும், போர் யாரையும் பெரியவராக்குவதில்லை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலின் மேல்தான் படமே நிற்கிறது. அடுத்து குகை. ஆயுதம் உனக்குத் தேவைப்படாது என்கிறார் யோடா. லூக் கேட்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நுழைகிறான். எதிரே வந்த வில்லன் டார்த் வேடரின் தலையைச் சீவுகிறான். உருண்ட கவசம் வெடித்துத் திறந்தால் உள்ளே இருப்பது அவனுடைய முகமே. இதைக் காட்டிய குரு பின்னாளில் வாளெடுத்துச் சுழன்றால்தான் முழுமை பெறுவாரா?

2002-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்’ படத்தின் அந்தச் சண்டையை நான் தியேட்டரில் பார்த்தவன். தடியை ஊன்றித் தளர்ந்து வந்தவர், வாள் கைக்கு வந்ததும் மேலும் கீழும் எகிறிக் குதித்துச் சுழல்கிறார். விசில் பறந்தது. எனக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று. எதிரி டூக்குவாக நின்ற கிறிஸ்டோபர் லீக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. வேகமான வீச்சுகளை டூப் நடிகர் செய்ய, அவருடைய முகத்தைக் கணினியில் பொருத்தினார்கள். யோடாவோ முழுக்கவே கணினி உருவம். முதுமையைக் கொண்டு நடக்க வேண்டிய காட்சியில் முதுமையைத்தான் முதலில் அப்புறப்படுத்தினார்கள். 1980 படத்தில் பொம்மலாட்டக் கலைஞர் ஃபிராங்க் ஆஸின் கையிலிருந்த யோடா பொம்மை, காதை லேசாகத் தாழ்த்தியே ஒரு சீடனைத் தலைகுனிய வைத்ததே, அதற்கு எந்தச் சண்டை ஈடாகும்?

அந்தச் சண்டை எப்படி முடிகிறது என்பதைக் கட்டுரையாளர் எழுதவே இல்லை. அடிபட்டுக் கிடக்கும் யோடா பக்கத்து வீரர்கள் அனகின் மேலும் ஓபி-வான் மேலும் டூக்கு ஒரு பெரும் தூணைச் சரிக்கிறான். யோடா சண்டையை விட்டுவிடுகிறார். கண்ணை மூடி, கையை நீட்டி, அந்தப் பாரத்தைத் தொடாமலே தாங்குகிறார். டூக்கு தப்பிப் போகிறான். 1980 படத்தில் சதுப்பில் மூழ்கிய லூக்கின் விண்கப்பலைப் பாசி வழிய மேலே தூக்கிய அதே யோடா அந்தச் சில நொடிகளில்தான் தெரிகிறார். வெற்றியை விட்டுவிட்டு இரண்டு உயிர்களைப் பிடித்துக்கொண்டவர் அவர். அதற்குக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. வாள் வீச்சுக்கு அரைப் பக்கம்.

உங்கள் சினிமாப் பக்கத்துக்கு இது புதிதல்ல என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன். அறிவியல் புனைவு என்றாலே ‘குழந்தைகளோடு பார்க்கலாம்’ என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். நம்மூர்ப் படங்களில் நரைத்த தாடியோடு ஒரு வாத்தியார் வந்தால், இடைவேளைக்குள் அவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பத்துப் பேரைப் பறக்கவிட்டாக வேண்டும். அதற்கும் ‘மாஸ்’ என்று பாராட்டு வருகிறது. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய நீண்ட கடிதத்தை நான்கு வரியாக்கிப் போட்டீர்கள். மிஞ்சிய அந்த நான்கு வரியும் உங்கள் இதழைப் புகழ்ந்த வரிகள்.

சண்டை போடாதவர் எப்படிச் சண்டை கற்றுத்தருவார் என்று கட்டுரையில் ஒரு கேள்வி வருகிறது. குமரி மாவட்டத்தில் களரியில் கம்பு பிடித்து வளர்ந்தவன் நான். எங்கள் ஆசான் யாரோடும் மோதி நாங்கள் பார்த்ததில்லை. காலடி வைக்கும் சுவடு தப்பினால் பிரம்பு நுனியால் கணுக்காலைத் தொடுவார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் வேறு ஊர்க்காரர் ஒருவர் வந்து, ஆசானோடு நேருக்கு நேர் நின்று பார்க்க வேண்டும் என்று கம்பை ஊன்றி நின்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆசான் அவர் நிற்கும் நிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வலக்கால் முட்டு நோவுது இல்லியா? இரியும், எண்ண போட்டு விடுதேன்” என்றார். வந்தவர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஆசான் அன்று அவரை அடித்து வீழ்த்தியிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் கைதட்டல் மிஞ்சியிருக்கும். எதிராளியின் உடம்பை எப்படிப் படிப்பது என்பதை நான் கற்றது அன்றுதான்.

குரு வாளையே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1977-இல் வந்த முதல் படத்தில் லூக்கின் குரு ஓபி-வானாக வந்த அலெக் கின்னஸ் வேடரோடு மோதத்தான் செய்கிறார். ஆனால் லூக் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் புன்னகைத்து, வாளை நிமிர்த்திப் பிடித்து, வெட்டை ஏற்றுக்கொள்கிறார். ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் குரு மார்ஃபியஸ் வில்லன் ஏஜென்ட் ஸ்மித்தோடு மோதி அடிவாங்குவது சீடன் நியோ தப்பிப் போவதற்காக. இவர்கள் தோற்பதற்காக நின்றவர்கள். தன் திறமையைக் காட்டுவதற்காகக் குரு களமிறங்கினால், சீடனுக்கு அங்கே என்ன வேலை? ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் 1983 படத்தின் முடிவில் பேரரசன் முன்னால் லூக் தன் வாளைத் தூக்கி எறிகிறானே, டாகோபாவில் விதைத்தது அங்கேதான் முளைத்தது. 2017-இல் அதே லூக் கிழவனாகி, ஒரு எதிரியைக்கூட வெட்டாமல், தன் வெறும் தோற்றத்தை அனுப்பி ஒரு படையையே நிறுத்திவைத்துத் தன் மக்களைத் தப்பவிட்டான். அந்தப் படத்துக்கு நீங்கள் எழுதிய விமர்சனத்தில் ‘கிளைமாக்ஸில் ஆக்‌ஷன் போதவில்லை’ என்று இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

கேட்பது இரண்டே. கட்டுரையோடு வந்த படம் டாகோபா குடிசையில் யோடா கஞ்சி காய்ச்சும் காட்சி. அது 1980 படத்தில் வருவது. கீழே 2002 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதைத் திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் வெட்டாமல் வெளியிடுங்கள். இடமில்லை என்றால் வெளியிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
நாகர்கோவில்.