பாப்பாவுக்கு, அந்த இரண்டு தாள்களைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கல்யாணத்தில் நீயும் மாப்பிள்ளையும் வாசிக்க எழுதி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு உறுதிமொழித் தாள்களையும் பக்கத்துக் கடையில் அச்செடுத்து வந்து படித்தேன். "எழுத்துப்பிழை மட்டும் பாருங்கப்பா, வேற எதையும் மாத்தாதீங்க" என்று எழுதியிருந்தாய். சரி, பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அரவணைப்பு'க்கு மூன்று சுழி ண. 'கைகோர்த்து' வழக்கில் இருக்கிற சொல்தான், நீ சந்தேகப்பட்டு அடித்திருக்கிறாய். இரண்டாம் தாளில் ஒற்று இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, பென்சிலால் போட்டிருக்கிறேன். மற்றபடி சுத்தமான தமிழ். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழே படிக்காத பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முதல் தடவை படித்தபோது அழுதாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். இரண்டாம் தடவை அழவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போனில் பேசலாம் என்று பார்த்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் மீட்டிங் என்பாய். அதனால்தான் கடிதம்.

முதலில் கல்யாண ஏற்பாட்டு விஷயம். சுயமரியாதைத் திருமணமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்று அண்ணா சேர்த்த பிரிவு, மணமக்கள் இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால்தான் செல்லும். மாப்பிள்ளை கிறிஸ்தவர். ஆகவே 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. பகலில் பதிவு அலுவலகம், சாயந்தரம் மண்டபத்தில் உங்கள் தாள்களைப் படிப்பது. சம்பந்தி வீட்டிலும் இதற்குச் சரி என்றுவிட்டார்கள்.

புதுக்கோட்டையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றால் உங்களில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் முப்பது நாளாவது இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டி இன்னொரு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆக இரண்டு மாதம். இதைச் சொன்னபோது நீ "நான் வந்து இருக்கேன்பா, லீவு ஒண்ணும் பிரச்சினையில்லை" என்றாய். பொங்கலுக்கு நாலு நாள் கேட்டதற்கு இழுத்தடித்த ஆபீஸ் அது. தாத்தா காரியத்துக்கு நீ லேப்டாப்போடு வந்து திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்ததை ஊரே பார்த்தது. இப்போது இரண்டு மாதம் கொடுக்கிறார்கள் என்றால் நல்ல ஆபீஸ்தான். அப்படியே இருக்கட்டும்.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். மழை வருகிறது, ரயில் நிலையம் வருகிறது, கண்ணீர் கீழே விழுமுன் கையில் ஏந்துவது வருகிறது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீயும் சித்தி மகளும் அந்த ரயில் படத்தைத் தேய்ந்துபோகிற அளவுக்குப் பார்த்தபோது நானும் அதே கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வசனமெல்லாம் எனக்கும் மனப்பாடம். புனேயில் உன் தோழி கல்யாணத்தில் இப்படி எழுதி வாசித்து மண்டபமே அழுதது என்று சொன்னாய். அழட்டும், அதில் தப்பில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நம் படங்களில் கல்யாணக் காட்சியில் யாராவது இப்படிப் பேசியிருக்கிறார்களா? அங்கே ஐயர் மந்திரம் சொல்வார், கெட்டிமேளம் கொட்டும், இல்லாவிட்டால் யாராவது ஓடி வந்து நிறுத்தச் சொல்வார். உருகி உருகிப் பேசுவதெல்லாம் அதற்கு ரொம்ப முன்னால். அந்தப் பெண் இன்னும் சரி என்று சொல்லியிருக்க மாட்டாள். அவள் மனதை மாற்றத்தான் அவன் அவ்வளவு பேசுகிறான். மறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவான், யாராக இருந்தாலும். உங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பயம் எதற்கு? சரி என்று சொல்லித்தானே கல்யாணம் வரை வந்திருக்கிறீர்கள். சம்மதம் வாங்க ஒருவன் சொல்வது வேறு, சம்மதம் சொன்னவருக்கு எதிரே உட்கார்ந்து நான் இதைச் செய்வேன் என்று சொல்வது வேறு. நீங்கள் முதலாவதை எடுத்து இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

முக்கியமாக உன் தாளில் நான்காவது வரி. "இனி உன் கனவுதான் என் கனவு." அதை எடுத்துவிடு.

தாத்தாவும் அப்பாயியும் 1961-ல் கல்யாணம் செய்துகொண்டபோது படித்த தாள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. நீ சின்ன வயதில் அதில் பூப்போட்டு அப்பாயியிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அன்றைக்கு அந்தக் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. தெரிந்தேதான் செய்துகொண்டார்கள். 1967-ல் அண்ணா முதலமைச்சராகிச் சட்டம் கொண்டுவந்து, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று எழுதிய பிறகுதான் அப்பாயி சட்டப்படி மனைவி. நானே அதற்கு முன்னால் பிறந்தவன். பெரியப்பா குடித்துவிட்டு அதைச் சொல்லிக் கிண்டல் செய்வாரே, அதுதான்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்றால், தாத்தா படித்த அதே வாசகத்தை அப்பாயியும் படித்திருக்கிறாள். ஒரு எழுத்து வித்தியாசம் கிடையாது. நான் உன்னிடம் என்னென்ன எதிர்பார்க்கலாமோ, அவ்வளவும் நீ என்னிடம் எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான் சாரம். எங்கள் கல்யாணத்திலும் அப்படித்தான். தலைமை தாங்க வந்தவர் காவிரிப் பிரச்சினையில் ஆரம்பித்து ஒன்றிய அரசு வரை பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. ஆனால் உறுதிமொழி அரைப் பக்கம்தான். இரண்டு பேருக்கும் ஒரே அரைப் பக்கம்.

சிறப்புத் திருமணச் சட்டத்திலும் பார். தாலி வேண்டாம், மோதிரம் வேண்டாம், எந்தச் சடங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்கிறது. ஆனால் பதிவு அலுவலர் முன்னாலும் மூன்று சாட்சி முன்னாலும், இன்னார் ஆகிய நான் இன்னார் ஆகிய உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டும், கணவனாக ஏற்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். சொல்லாவிட்டால் கல்யாணமே முடிந்ததாகாது. பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த ஒரு வரியை நான் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயந்து பயந்து வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள், அறுபது வயதில் இரண்டாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள், சாட்சிக்கு ஆள் பற்றாமல் எதிர் டீக்கடையிலிருந்து கூட்டிவந்தவர்கள். சில பேருக்கு அந்த வரியிலேயே குரல் உடைந்துவிடும். அதில் மழையும் கிடையாது, ரயிலும் கிடையாது.

சம்பந்தியம்மாவிடம் போனில் கேட்டேன், உங்கள் கோயிலில் என்ன சொல்வீர்கள் என்று. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் உண்மையாக இருந்து, வாழ்நாளெல்லாம் நேசிக்கவும் மதிக்கவும் வாக்குக் கொடுப்போம் என்றார். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று உண்டா என்றேன். இல்லை அண்ணா, ரெண்டு பேருக்கும் அதேதான் என்றார். நோயைக்கூடக் கல்யாணத்தன்றே பேசிவிடுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். உங்கள் இரண்டு தாளிலும் நோய் இல்லை. பணம் இல்லை. யார் சமைப்பது என்பது இல்லை. இரண்டு வீட்டுக் கிழடுகளும் இல்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நம் வீடு, அரசாங்கம், அவர்கள் கோயில், மூன்றிலும் இரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். உங்கள் தாள்களில் மட்டும் அவர் உன்னைக் காப்பாற்றுகிறார், ஏந்துகிறார், தாங்குகிறார். நீ விடுகிறாய், தொடர்கிறாய், கரைகிறாய். நான் சொல்வது புரிகிறதா?

சர்வீஸ் முழுக்கப் பத்திரம் படித்த பழக்கம், அப்படித்தான் என் கண் போகும். 1989-க்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்ததா, அப்புறம் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். விடுதலைப் பத்திரம். எனக்குள்ள பாத்தியதையை என் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து. ஏம்மா சம்மதமா என்று கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். உன் அத்தையும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போட்டுவிட்டுப் போனாள், உனக்குத் தெரியும். உன் நான்காவது வரி அதே பத்திரம்தான், முத்திரைத்தாள்தான் இல்லை.

அரியலூருக்கு மாற்றல் வந்தபோது அம்மா தபால் ஆபீஸ் வேலையை என்ன செய்தாள் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்கிறாள். நான் எழுதவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. நல்ல பிள்ளை. வந்தபோது தட்டைத் தானே கழுவி வைத்தார், அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் ஜெர்மனி போவதிலும் எங்களுக்குப் பெருமைதான். கனவு என்று ஒன்று வைத்திருப்பது நல்லதுதானே. நீயும் ஒன்று வைத்திருந்தாய். மெட்ரோ ரயில் தூணுக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு பாரம் என்று இந்தத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். எனக்குப் பாதி புரியவில்லை. அந்தத் தாளை எடுத்துப்போய் எதிர்வீட்டு சாரிடம் காட்டினேன், அவர் கணக்கு வாத்தியார். "உங்க பொண்ணா போட்டது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவில் வேண்டாம், பெண்பிள்ளைக்கு வெயிலில் அலைச்சல் என்று குடும்பமே சொன்னபோது நீ பிடித்த பிடிவாதம் இருக்கிறதே, அந்தப் பிடிவாதக்காரி எழுதின தாள் மாதிரி இது இல்லை. நீ எழுதியதுதானா, இல்லை படம் எழுதியதா?

ஒரு காரியம் செய். தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். உன்னுடையதை அவர் வாசிக்கட்டும், அவருடையதை நீ வாசி. வீட்டிலேயே, வேறு யாரும் இல்லாதபோது. "இனி உன் கனவுதான் என் கனவு" என்று அவர் உன்னைப் பார்த்துச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வருகிறதா, நாக்கு வருகிறதா, பார். நாக்கு வந்தால் இரண்டு பேருமே அந்த வரியைச் சொல்லுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். வராவிட்டால் எடுத்துவிடு. கண்ணீர் ஏந்துகிற வரியை நீயும் சொல்லலாம், ஆம்பிளைகளுக்கும் கண்ணீர் வரும்.

அழகாக எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. 'உனக்குக் கோபம் வந்தால் நான் வேறு அறைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அது எந்தப் படத்திலும் இல்லை. அதுதான் இரண்டு தாளிலும் நல்ல வரி. மாப்பிள்ளை தாளில் 'உன் அம்மா போன் செய்தால் நானே எடுப்பேன்' என்று இருப்பதும் நன்றாக இருக்கிறது. அவராவது எடுக்கட்டும். இந்த மாதிரி இன்னும் நாலு வரி யோசியுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி களைப்போடு வந்து நிற்கும்போது செய்யக்கூடியதாக இருக்கட்டும். நான்காவது வரியை மட்டும் எடுத்துவிடு.

மற்றபடி மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சமையலுக்கு அதே அறந்தாங்கி ஆட்கள்தான். சம்பந்தி வீட்டார் பிரியாணி கேட்கிறார்கள், பெரியப்பாவுக்குத் தகவல் போய்விட்டது, அவர் இப்போதே தேதியைக் கேட்கிறார். சின்னத்தையை நீயே ஒரு தடவை போனில் கூப்பிட்டுச் சொல், நாங்கள் சொன்னால் வர மாட்டாள்.

வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அசல், ஆதார், பாஸ்போர்ட், புகைப்படங்கள் எடுத்து வா. மாப்பிள்ளையையும் அதே மாதிரி வைத்திருக்கச் சொல். சாட்சிக்கு மூன்று பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். அறிவிப்புப் படிவம் வாங்கிவந்து பென்சிலால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பெயர், வயது, வசிப்பிடம் எல்லாம் முடிந்தது. தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டு எழுதிவிட்டேன். உன் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று சொல்.

அன்புடன்,
அப்பா