ஒரு பக்கத்தில் அடங்காத நன்றி

ஆய்வேட்டில் நன்றியுரைக்கென்று நான் ஒதுக்கியது ஒரே பக்கம். பெயர்களை வரிசையாக அடுக்கி முடித்த பிறகுதான் உறுத்தியது: யார் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. போன வாரம் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து, பல்சர்கள் (சீரான துடிப்புகளாக ரேடியோ அலை வந்து சேரும் விண்மீன்கள்) பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வை ஏற்றுக்கொண்டார்கள். விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் இயற்பியல் சார். பதினைந்து வயதில், வானியல் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னேன். தட்டிக்கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ தொலைநோக்கி ஆடி செய்ய ஆறு அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டையும், தேய்க்க உதவும் கார்போரண்டம் பொடியையும் கொண்டுவந்து வைத்து, "முதலில் இதைத் தேய்" என்றீர்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்க்கத் தேய்க்க மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். பொடி படிப்படியாக நைசாகும். கடைசியில் கீல் பூசிய வட்டின் மேல் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்ற வேண்டும். நான்கு மாதம் தேய்த்தேன். பிறகு ஆடியின் வளைவு சரியா என்று பார்க்கும் ஃபூக்கோ சோதனை. கத்தி முனையை நகர்த்தி நிழலைப் பார்த்தீர்கள். பள்ளி மாணவி செய்ததுதானே, பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். "ஓரம் சரிந்திருக்கிறது, மறுபடி செய்" என்றீர்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே பிம்பம் கெட்டுவிடும் என்பதை அன்று கையால் கற்றேன்.

கிளைட் டோம்பா கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பண்ணையில் வளர்ந்தவர், தானே தேய்த்துச் செய்த தொலைநோக்கியில் செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்து, அந்தப் படங்களை லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார். 1929இல் வேலை கிடைத்தது, 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அப்போது எனக்குப் புளூட்டோதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது, முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய படங்களை மதித்துப் பதில் போட்ட அந்த வானாய்வக இயக்குநர் வெஸ்டோ ஸ்லைஃபர் பெரிதாகத் தெரிகிறார்.

எனக்குப் பதில் போட்டவர் அக்கா, நீங்கள். பதினொரு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியதில் நீங்கள் ஒருவர்தான் எழுதினீர்கள். என் விண்ணப்பக் கட்டுரையின் முதல் பத்தி, சிறு வயதில் நட்சத்திரம் பார்த்து வியந்த கதை. அதை முழுவதும் அடித்துவிட்டு, ஓரத்தில் "எல்லோரும்தான் பார்த்தோம். நீ என்ன செய்தாய்?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் உங்கள் மேல் கோபம். அப்புறம் ஓரம் சரிந்த கண்ணாடியைப் பற்றி எழுதினேன். நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு.

அதற்கு முந்தைய ஆண்டு எங்குமே இடம் கிடைக்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்றவர்கள் நிறைய. நீ மட்டும், தோழி, மறுநாளே வந்து அடுத்த ஆண்டின் கடைசித் தேதிகளை அட்டவணையாகப் போட்டுக் கையில் கொடுத்தாய். வானியல் உனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இருந்தும் என் ஒத்திகைப் பேச்சை ஏழு முறை கேட்டாய், புரியாத இடத்தில் கை தூக்கினாய். வைவாவிலும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் கைவிட்டபோது, இரவோடு இரவாக எழுதி ஒன்பது விண்ணப்பத் தளங்களில் ஏற்றிய மேம், அந்த ஒன்பது கடவுச்சொற்களுக்காகவும் மன்னியுங்கள்.

என் நெறியாளருக்கு. முதல் ஆண்டில் தரவில் தென்பட்ட ஒரு கிறுக்கலை, நம் கருவிகளிலிருந்து வரும் ரேடியோ குறுக்கீடு என்று ஒதுக்கப் போனேன். 1967இல் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வரைதாளில் கண்ட கிறுக்கலை ஒதுக்கவில்லை, அதுதான் முதல் பல்சர் என்று தடுத்தீர்கள். என்னுடையது கடைசியில் குறுக்கீடேதான், மூன்று மாதம் போனது! ஆனாலும் அந்தக் கதையின் மறுபாதியை நீங்கள் மறக்கவில்லை. 1974இல் நோபல் பரிசு பெல்லின் நெறியாளருக்குப் போனது, அவருக்கு இல்லை. 2018இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரை அவர் அப்படியே ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். நம் கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டதற்கு நான் நன்றி சொன்னபோது, "வேலை செய்தது யார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வரைபடத்துக்குப் போய்விட்டீர்கள்.

ஆய்வேட்டின் பிரதி எல்லோருக்கும் வரும். சார், 112ஆம் பக்கத்தில் ஒரு சமன்பாட்டில் குறி மாறி அச்சாகிவிட்டது. நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.