தட்டையாகக் கட்டிய சீலா மீன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே தூத்துக்குடியில் நலம். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் பேத்தி பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் அனுப்பிய சீலா மீனை இனிச் சமைக்கலாமா என்று நீ கேட்டதற்கு, "யோசிக்காதே, கொட்டிவிடு" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நீ பேசவே இல்லை. சீலா மீன் விற்கிற விலைக்கு இரண்டு கிலோவைக் குப்பையில் போடச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உருகட்டும் என்று காலை 7 மணிக்குச் சமையல் மேடையில் வைத்தது, நீ அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வெளியே வெதுவெதுப்பாக, லேசான வாடையோடு, நடுவில் கல்லாக இருந்தது என்றாயே, அதைக் கேட்ட பிறகு வேறு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ கேட்டது நியாயமான கேள்விதான்: "கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடாதா அப்பா?" கிருமி சாகும். ஆனால் அது சாவதற்கு முன் செய்து வைத்த வேலை அப்படியே இருக்கும். சீலா, சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதைக் குழம்பில் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் போகாது. மறுபடி ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். பேத்தி சாப்பிடுகிற தட்டில் அதை எப்படி வைப்பது? ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதும் இல்லை, தூங்கத்தான் வைக்கிறது. 5 டிகிரிக்கு மேல் ஏறினால் விழித்துக்கொள்ளும். சென்னை வெயிலில் மூடிய சமையலறையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூட அவற்றுக்குத் தெம்பு வந்துவிடும்.

இவ்வளவு சொல்கிறேனே, தவறு உன்னுடையது அல்ல. இரண்டு கிலோ துண்டுகளையும் ஒரே பையில் உருண்டையாகத் திணித்துக் கட்டி அனுப்பியது நான். 31 வருடம் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா அது? ஆலையில் இறாலை உருண்டையாக யாரும் உறைய வைக்க மாட்டார்கள். தட்டுகளில் பரப்பி, மைனஸ் 40 டிகிரித் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். செங்கல் போலத் தட்டையாக வரும். உறைவதற்கும் அதுதான் நல்லது, உருகுவதற்கும் அதுதான் நல்லது. தடிமன் இரண்டு மடங்கானால் உருகும் நேரம் நான்கு மடங்கு வரை போகும்.

இன்னொரு விஷயம், ஆலையில் சேர்ந்த புதிதில் எனக்கே வியப்பாக இருந்தது. வெப்பநிலை வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால், மீன் போன்ற நீர் நிறைந்த பொருள் உறைவதைவிட உருகுவதற்கு அதிக நேரம் எடுக்கும். பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு திறமையானது. உறையும்போது வெளியே பனி ஓடு உண்டாகிறது. உள்ளே இருக்கிற சூடு அதன் வழியே சுலபமாக வெளியேறிவிடும். உருகும்போது வெளிப்புறம் நீர் நிறைந்த சதை ஆகிவிடும். அது கம்பளி போர்த்தியது மாதிரி, வெளிச் சூட்டை உள்ளே விடாது. உன் மீன் வெளியே கெட்டு, உள்ளே கல்லாக இருந்தது அதனால்தான். மேடையில் வைத்தால் கம்பளிக்குத்தான் முதலில் கேடு.

ஆகவே ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருக வை. புதன்கிழமை சாயங்காலம் குழம்பு என்றால் செவ்வாய் இரவு படுக்கப் போகும் முன் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில், விளிம்புள்ள அலுமினியத் தட்டில் படுக்க வைத்துவிடு. மேல்தட்டில் வைத்தால் வடிகிற நீர் தயிர்ப் பாத்திரத்தில் சொட்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறதா என்று கதவில் எழுதியிருப்பதை நம்பாதே. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு ஒரு ராத்திரி உள்ளே வைத்து, காலையில் பார். இப்படி உருகிய மீனை மேலும் ஒரு நாள் அங்கேயே வைக்கலாம். திடீரென்று விருந்துக்குப் போக நேர்ந்தால் மறுபடி உறையவும் வைக்கலாம். சதை கொஞ்சம் சவசவத்துப் போகும், ஆபத்து இல்லை.

புது ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரையே சாதாரண ஃப்ரிட்ஜாக மாற்றுகிற பொத்தான் இருக்கிறது என்றாய். மீன் உருகுவதற்காக அதைத் தொடாதே. உள்ளே இருக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து உருகும். மைனஸ் 3 டிகிரியில் வைக்கிற தனிப் பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னாயே, அதுதான் நல்ல ஏற்பாடு. அந்தக் குளிரில் சதை முழுதாகக் கல்லாகாது, கத்தி இறங்கும். உருக்குகிற வேலையே இல்லை. இரண்டு மூன்று நாளில் சமைக்கப் போவதை மட்டும் அதில் வை. மாதக்கணக்கில் கிடக்க வேண்டியதற்கு மைனஸ் 18 டிகிரிதான் இடம்.

மறந்துபோய் சாயங்காலம்தான் நினைவு வந்தால்? தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்து. அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்று. அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். குழாயைத் திறந்தால் போதும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். குழாயில் குளிர்ந்த நீர் வருகிற ஊர்க்காரர்கள் எழுதியது அது. மே மாதம் உங்கள் மொட்டைமாடித் தொட்டி நீரில் கை வைக்க முடியுமா? ஐஸ் கட்டி நான்கைப் போட்டுக்கொள். மைக்ரோவேவில் உருக்குவது எனக்குப் பிடிக்காது. பனிக்கட்டியைவிடத் தண்ணீர்தான் அந்த அலைகளை அதிகம் இழுக்கும். முதலில் இளகிய ஓரம் வெந்தே போகும், நடுவில் பனி அப்படியே நிற்கும். வேறு வழி இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தி உருக்கி, உடனே அடுப்பில் ஏற்றிவிடு. இந்த இரண்டு வழியிலும் உருக்கியதைச் சமைக்காமல் மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

கடையில் காற்றை உறிஞ்சி ஒட்டிய பாக்கெட்டில் மீன் வாங்கினால், ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கும் முன் ஓரத்தைக் கத்தரித்துவிடு. காற்றில்லாத இடத்தில், ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளர்கிற நச்சுக்கிருமி ஒன்று உண்டு. உறைந்த பட்டாணியை உருக்கவே வேண்டாம், அப்படியே கொதிநீரில் கொட்டு என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

இந்த முறை அரை அரைக் கிலோவாக ஆறு பொட்டலம் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம், தேதியும் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமை காலை மாப்பிள்ளையைப் பெருங்களத்தூரில் நிற்கச் சொல். பெட்டியைத் திறந்ததும் ஒரு பொட்டலத்தை அமுக்கிப் பார். பனி நறநறவென்றிருந்தால் நேராக ஃப்ரீசருக்குப் போகட்டும். குழம்புக்கு ஒரு தலையும் வைத்திருக்கிறேன். அதை எப்படித் தட்டையாக்குவது என்று எனக்கும் தெரியவில்லை. அதை மட்டும் இரண்டு நாள் முன்பே கீழே இறக்கிவிடு.

அன்புடன்,
அப்பா