கூபேயைத் தோற்கடித்த குட்டிக் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கதவுள்ள பழைய சொகுசு கார்களான கூபேக்களையும் இன்றைய துடிப்பான சிறிய கார்களையும் ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பழைய வண்டி தோற்றுவிட்டதாகத் தீர்ப்பு எழுதிவிட்டது. கணக்கில் பிழையில்லை, கேள்விதான் போதாது.

1985 முதல் 1991 வரை தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் 560 எஸ்.இ.சி. என்ற கூபேயையும், 2020இல் அறிமுகமான டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் என்ற சிறிய காரையும் ஓட்டிப் பார்த்தவன் நான். கூபேயில் எட்டு சிலிண்டர் கொண்ட 5.5 லிட்டர் வி8 எஞ்சின். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத மாடலில் 300 குதிரைத்திறன். யாரிஸில் மூன்றே சிலிண்டர், 1.6 லிட்டர், ஆனாலும் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் தயவில், அறிமுகமானபோது ஐரோப்பிய மாடல் 261 குதிரைத்திறன் தந்தது. கூபேயின் எடை 1,700 கிலோவைத் தாண்டும், யாரிஸோ 1,300 கிலோவுக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு யாரிஸில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறது. பிறகு யாரிஸ் 5.5 விநாடியிலும் கூபே ஏறத்தாழ 7 விநாடியிலும் நூறைத் தொடுவதில் வியக்க என்ன இருக்கிறது?

கட்டுரையாளர் கூபேயின் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய கை நீண்டு வந்து சீட் பெல்ட்டை நம் கைக்கு எட்டும்படி நீட்டும். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் நடுவே தூண் எதுவும் இல்லாமல் பக்கவாட்டு முழுவதும் திறந்துகொள்ளும். அதன் 215/65 டயரின் பக்கச்சுவர் கிட்டத்தட்ட 140 மில்லிமீட்டர் உயரம். யாரிஸின் 225/40 டயரில் அது 90 மில்லிமீட்டர்தான். சாலையின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்தையும் யாரிஸ் நம் இடுப்புக்குத் தெரியப்படுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கக் கூடாதென்று கூபேயைச் செய்தவர்கள் மெனக்கெட்டார்கள். யாரிஸிலோ அந்தச் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கேட்க வைக்கிறார்கள். (எனக்கு இது சிரிப்பைத்தான் வரவழைத்தது.)

அதற்காக யாரிஸைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வளைவில் திருப்பிய கணமே மூக்கை உள்ளே நுழைக்கும் அதன் சுறுசுறுப்புக்கு முன்னால், கூபேயின் பெரிய ஸ்டீயரிங் யோசித்து யோசித்துப் பதில் சொல்வதுபோல் இருக்கும். பாதுகாப்பிலும் புதியதன் பக்கமே நியாயம். கூபேயில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உண்டு என்றாலும், சறுக்கும் வண்டியை நிலைப்படுத்தும் இ.எஸ்.பி. என்ற மின்னணு ஏற்பாடு 1995இல்தான் கார்களுக்கு வந்தது. மழையில் வேகமாகப் போக வேண்டியிருந்தால் நானும் யாரிஸின் சாவியைத்தான் எடுப்பேன்.

ஆனால் பின்னிருக்கையில் பெரியவர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போவதென்றால், யாரிஸின் தாழ்ந்த கூரையின் கீழ் அவர்களைக் குனிந்து உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த ஒப்பீட்டில், நூறை எட்டிய விநாடிகளோடு, மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது முதுகு எப்படி இருந்தது என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்