மதியம் மூன்று மணிக்கு நாங்கள் எங்கே இருப்போம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதே இல்லை, அவர்களுக்கு அக்கறை கிடையாது என்று பேசுகிறார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில், அரசுத் தொடக்கப் பள்ளியில் என் மகள் நான்காவது படிக்கிறாள். அந்தக் குழுவில் நானும் உறுப்பினர்தான், வராதவர்களில் நானும் ஒருத்திதான். அதனால் இதை நானே எழுதுவது நல்லது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போகிறோம், பட்டாசுத் தொழிற்சாலையைத்தான் இங்கே ஆபீஸ் என்போம். காலை ஏழு மணிக்கு வேன்காரர் தெருமுனையில் ஹாரன் அடித்தால் பிள்ளைக்கு ஒரு சடை பின்னியும் ஒரு சடை பின்னாமலும் ஓட வேண்டியதுதான். முன்பெல்லாம் பிள்ளைகள் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுவிட்டுப் போவார்கள், அதுவும் இல்லாத நாட்கள் உண்டு. 2023-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகுதான் வேனில் நிம்மதியாக உட்கார்ந்து போகிறோம். சமைப்பது எங்கள் மகளிர் குழுப் பெண், அவர் மகனும் அங்கேயே படிக்கிறான், தன் பிள்ளை சாப்பிடுகிற சாம்பாரில் யார் தண்ணீரை ஊற்றுவார்கள்? புதன்கிழமை பொங்கல் என்று என் மகள் எழுப்பாமலே எழுந்துகொள்வாள். மதியம் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வாரத்தில் ஐந்து நாள் இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேதான், அந்தப் பள்ளி மேல் எங்களுக்கு அக்கறை இல்லையாம்!

சரி, கூட்டம் எப்போது? மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் நாங்கள் ஊரிலேயே இல்லை. பாதியில் கிளம்பினால் அன்றைய கூலி போகும், அதை விட்டாலும் திரும்பி வர வேன் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது, பெயர்ப் பட்டியலில் அது சரியாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் உட்காருவது ஐந்தாறு பேர், அதில் இரண்டு பேர் பேரனைக் கூட்டிப்போக வந்த பாட்டிகள். அப்புறம் தீர்மான நோட்டு வீடு தேடி வரும், நாங்கள் அடுப்படியில் நின்றபடி கையெழுத்துப் போடுவோம்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கழன்று விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு என் மகள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறாள், பாட்டில் கொண்டு போனபடியே நிறைந்து திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். அந்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சொல்ல வேண்டிய அம்மாக்கள் யாரும் அங்கே இல்லையே. தலைமை ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டே டீச்சர், ஐந்து வகுப்பு, ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் பாடு என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஆண்டு விழா ஒத்திகைக்காகத் தலைமை ஆசிரியை ஒரு நாள் மாலை ஆறரை வரை பள்ளியில் இருந்தார். வேனிலிருந்து இறங்கியவர்கள் விளக்கு எரிவதைப் பார்த்து அப்படியே உள்ளே போய்விட்டோம், கையில் பட்டாசு மருந்து வாடைகூடப் போகவில்லை. அரை மணி நேரப் பேச்சில் தாழ்ப்பாள் விஷயம் வந்தது, மறுநாளே வெல்டிங் வேலை செய்கிற ஒரு அப்பா வந்து மாட்டிவிட்டுப் போனார். நோட்டும் இல்லை, தீர்மானமும் இல்லை.

கிராம சபையை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று விடுமுறை நாட்களில் வைக்கத் தெரிகிறது. பள்ளிக் கூட்டத்தை மட்டும் ஏன் வேலை நேரத்தில் வைக்க வேண்டும்? டீச்சர்கள் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், இருட்டிய பிறகு காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துவிட்டு அவர்களுக்கு வேறொரு நாள் ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். எல்லா ஊருக்கும் இதே நேரம் ஒத்து வராது, மில் வேலைக்குப் போகிற ஊர்களுக்கு வேறு நேரம் தோதாக இருக்கும், அந்தந்தக் குழுவே முடிவு செய்துகொள்ளட்டும். ஒரே ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும். நான் வருவேன். வேனில் என்னோடு வருகிற மற்ற மூன்று உறுப்பினர்களும் வருவார்கள், அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
சிவகாசி வட்டம்.