கூப்பிட்டால் எட்டும் தூரத்தில் ஒரு படுக்கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள், தங்குவதற்கென்று கூடம் இருந்தாலும் வராந்தாவிலும் மாடிப்படியடியிலும்தான் துண்டை விரிக்கிறார்கள். சொன்னால் கேட்பதில்லை என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ரத்தம் ஏற்பாடு செய்யவோ, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவோ நடுராத்திரியில் அழைப்பு வரும். 'பதினேழாம் பெட்டுக்கு யாரு வந்திருக்கீங்க?' என்ற குரல் எட்டாத இடத்தில் பஞ்சு மெத்தையே போட்டாலும் கண் மூடாது.

ஆகவே முதல் செலவு கட்டிலுக்கு வேண்டாம், ஓர் இன்டர்காமுக்குச் செய்யுங்கள். வார்டிலிருந்து கூடத்துக் காவலாளிக்கு நேர் இணைப்பு வேண்டும். படுப்பவரின் தலைமாட்டில் வார்டு, பெட் எண் எழுதிய அட்டை தொங்கட்டும். காவலாளி அவரை மட்டும் தொட்டு எழுப்பினால் போதும். ஒலிபெருக்கி வைத்தால் ஒருவருக்காக நூறு பேர் பதறி எழுவார்கள். பெண்கள் வார்டில் இரவு ஆண்களை விடுவதில்லை. மரத்தடியில் விடியும்வரை உட்கார்ந்திருக்கும் கணவருக்கும் தகப்பனுக்கும் இது பெரிய ஆறுதல்.

அடுத்தது பை. ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, கைச்செலவுப் பணம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதைத் தலைக்கு வைத்துப் படுப்பவர் அரைத்தூக்கம்தான் தூங்குவார். சொந்தப் பூட்டு மாட்டிக்கொள்ள நாதாங்கி வைத்த சிறு இரும்புப் பெட்டி ஆளுக்கொன்று போதும்.

நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கான மத்திய அரசு வழிகாட்டுதல் ஆளுக்கு 50 சதுர அடி என்கிறது. அந்தக் கணக்கே இங்கும் பொருந்தும். வெறும் தரையில் படுத்தால் துடைக்கும் தண்ணீரும் எறும்பும் வரும். ஒன்றரை அடி உயரத் திண்ணை கட்டுவது நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலை, தலைமாட்டில் செல்போன் சார்ஜ் போட பிளக், துவைத்ததைக் காயப்போட மழை படாத கொடி, பிளாஸ்க்கில் பிடிக்க வெந்நீர் ஆகியவையும் வேண்டும். பெண்களுக்குத் தனிக் குளியலறை, உள்தாழ்ப்பாளோடு.

இது கைக்கெட்டாத ஆசை அல்ல. ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவமும் பிள்ளைப்பேற்றுக்கு வருபவர்களுக்குக் கவனிப்பும் இருந்தன. புதிய மருத்துவமனைக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும்போதே இந்தக் கூடத்துக்கும் கோடு போடுங்கள், வார்டுக்குப் பக்கத்திலேயே. மதில் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் கட்டினால் மறுபடியும் காலியாகத்தான் கிடக்கும்.

– வாசகர், தஞ்சாவூர்